ஆறு கிணறு, ஒரே தண்ணீர்

அத்தியாயம் ஒன்பது

ஆய்வு வழிகாட்டி சத்யப்ரியா மேடம் மடிக்கணினியைக் கீர்த்தியின் பக்கம் திருப்பி வைத்தார்.

திரையில் ஒரு வரைபடம். காஞ்சிபுரத்தில் கீர்த்தியின் ஆய்வுக்காகத் தண்ணீர் எடுத்த இருபத்து நான்கு கிணறுகளும் அதில் புள்ளிகளாக நின்றன. பதினெட்டுப் புள்ளிகள் மேலும் கீழுமாகச் சிதறிக் கிடந்தன. மற்ற ஆறும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு, ஒரே புள்ளி போலத் தெரிந்தன.

"என்ன தெரியுது?" என்றார் மேடம்.

"ஆறு கிணத்துலயும் உப்பு கம்மியா இருக்குது மேடம்."

"கம்மியா இருக்கறது வேற, ஒரே மாதிரி இருக்கறது வேற. உப்பு அறுநூத்துப் பத்து, பதினொண்ணு, பன்னெண்டு, மறுபடியும் பதினொண்ணு. குளோரைடு அப்படியே. கடினத்தன்மை அப்படியே. அடுத்தடுத்த வீட்டுக் கிணறுங்களே இப்படி ஒத்துப் போகாது. இது மூணு தெரு." மேடம் குரலை உயர்த்தவில்லை. "ஆறு கிணறு. ஒரே தண்ணி. எப்படி கீர்த்தி?"

"மீட்டர்ல ஏதாச்சும் கோளாறு..."

"அதே மீட்டர்தான் மத்த பதினெட்டையும் அளந்தது."

சாயக்காரர் குமாரசாமியின் மகள், சாயப்பட்டறைகளைச் சுற்றியுள்ள கிணற்றுத் தண்ணீரைத் தன் எம்.எஸ்ஸி. ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதும், அதற்காக வீட்டில் அம்மா இரண்டு நாள் பேசாமல் இருந்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். "படிக்கட்டும் விடு" என்று அப்பாதான் அம்மாவை அடக்கினார். பதினெட்டுக் கிணறுகளில் கீர்த்தி தானே போய் எடுத்தாள். பட்டறைகளுக்கு மிக அருகில் இருந்த கடைசி ஆறுக்குப் போக வேண்டிய நாளில், மார்கழிப் பனியில் காய்ச்சல் வந்து படுத்துவிட்டாள்.

"லேபிள் ஒட்டிக் குடும்மா. நான் எடுத்துக்கினு வரேன்" என்றார் அப்பா. ஸ்கூட்டரில் போய்விட்டு, மத்தியானத்துக்குள் ஆறு பாட்டிலோடு திரும்பினார்.

காய்ச்சல் விட்டதும் களக் குறிப்பேட்டை எடுத்து, 'சேகரித்தவர்' என்ற இடத்தில் ஆறு முறையும் தன் பெயரையே எழுதிக்கொண்டாள் கீர்த்தி. அந்த ஒன்றை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"இந்தத் தாளுக்கு அடியில என் கையெழுத்து இருக்கு" என்றார் மேடம். "என் மேற்பார்வையில எடுத்ததுன்னு. அன்னிக்கு நான் வரல. தேர்வுப் பணி. உன்னை நம்பித்தான் போட்டேன். வைவா தேர்வுக்குப் பன்னெண்டு நாள் இருக்கு. சாயங்காலம் நாலு மணிக்குள்ள எனக்கு பதில் சொல்லு."

அப்போதே சொல்லியிருக்கலாம். "நோட்டைப் பார்த்துட்டுச் சொல்றேன் மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. அந்த எண்களைத் தான் முதலில் பார்த்த நாளை நினைத்தாள். ஆய்வகத்தில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்தபோது, ஆறும் ஒன்று போல இருந்ததை அவள் கவனிக்காமல் இல்லை. அப்பாவின் தெரு சுத்தமாக இருக்கிறது என்ற சந்தோஷத்தில் அதற்கு மேல் யோசிக்கப் பிடிக்கவில்லை. மழைக்குப் பிறகு எடுத்த தண்ணீர், அதனால் இப்படி இருக்கும் என்று தனக்குத் தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். மேடம் இன்று கேட்ட கேள்வியை அவள் அன்றே கேட்டிருக்க வேண்டும்.

பஸ் ரங்கசாமி குளம் திரும்பும்போதுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஆஷிஃபா.

பக்கத்துச் சந்தில் ஜரிகை வியாபாரம் பார்க்கும் ஹயாத் பாஷாவின் மகள். கீர்த்தியோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஏழாம் மாதம், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாள். மூன்று வாரத்துக்கு முன் கீர்த்தி அங்கே போயிருந்தபோது, ஆஷிஃபாவின் அம்மா ஜோஹரா கேட்டாள். "எங்க கிணத்துத் தண்ணி எப்படிம்மா வந்துச்சு? கேன் தண்ணி இவளுக்குப் பிடிக்கல, பிளாஸ்டிக் வாடை அடிக்குதுன்றா."

"நல்ல தண்ணி ஆண்ட்டி. காய்ச்சிக் குடிக்கட்டும்" என்று சொன்னவள் கீர்த்தி.

அவர்கள் கிணறும் அந்த ஆறில் ஒன்று.

வீட்டுக்குப் பின்னால் பட்டறையில் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. தை மாதம் முழுக்கக் கல்யாண வேலை. குமாரசாமி, கொதிக்கும் செப்புத் தொட்டியில் மூங்கில் கோலில் தொங்கிய பட்டு நூல் சிட்டங்களைத் திருப்பித் திருப்பி முக்கிக்கொண்டிருந்தார். அம்மா மங்கையர்க்கரசி காய்ந்த நூலைக் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்குள்ள வந்துட்ட? கிளாஸ் இல்லியா?" என்றாள் அம்மா.

கீர்த்தி பையைக்கூடக் கழற்றவில்லை. "அப்பா, அந்த ஆறு பாட்டில் தண்ணி எங்கப்பா எடுத்த?"

குமாரசாமி திரும்பவில்லை. "எங்க எடுப்பாங்க? கிணத்துலதான்."

"எந்தக் கிணத்துல?"

"என்னம்மா கேள்வி இது?"

"ஆறுலயும் ஒரே தண்ணி இருக்குதுப்பா. மேடம் கண்டுபிடிச்சிட்டாங்க."

கோல் நின்றது. சிட்டம் சாயத்தில் மூழ்கியபடியே கிடந்தது.

"ஓரிக்கைல" என்றார் குமாரசாமி. "ஊருக்கு வெளிய, ஆத்தங்கரைப் பக்கம் ஒரு பம்ப்செட் ஓடிக்கினு இருந்துச்சு. அதுல புடிச்சேன்."

"ஆறையுமா?"

"ஆறையும்."

அம்மா கையிலிருந்த நூலைக் கொடியிலேயே போட்டுவிட்டு அருகில் வந்தாள்.

"ஏன்பா?" கீர்த்தியின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "எடுக்க முடியாதுன்னா சொல்லியிருக்கலாம் இல்ல? நான் ஒரு வாரம் கழிச்சுப் போயிருப்பேனே."

குமாரசாமி துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். எத்தனை துடைத்தாலும் அந்த விரல்களில் சிவப்பு போகாது. கொஞ்ச நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுக்கத்தான் போனேன். முதல்ல பாய் வீட்டுக்குத்தான் போனேன். இறைச்சு, பாட்டில்ல ஊத்தி, வெயில்ல தூக்கிப் பார்த்தேன். பாயம்மா பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்துச்சு, அதுக்கு ஒண்ணும் தெரியல. நீ நின்னிருந்தா உனக்கும் தெரிஞ்சிருக்காது. அவ்வளவு லேசு. முப்பது வருசமா அந்தக் கலரைக் கலக்கறவன் நான். அது என் அரக்குச் சிவப்பும்மா."

"இந்தத் தெருவுல பன்னெண்டு பட்டறை இருக்குது" என்றாள் மங்கையர்க்கரசி. "எவன் வுட்ட தண்ணியோ? உங்களுதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"பெத்த புள்ள முகம் தெரியாதா எனக்கு?" என்றார் குமாரசாமி. "அந்த வாரம் மழையில நம்ம சாயத்தண்ணிக் குழி ரொம்பி வழிஞ்சுது. அப்படியே மண்ணுல எறங்கியிருக்குது."

தொட்டிக்கு அடியில் விறகு வெடித்தது.

"அதைக் கொட்டிட்டு வண்டிய எடுத்துக்கினு கிளம்பிட்டேன். மத்த அஞ்சு கிணத்தை எட்டிக்கூடப் பார்க்கல. என் பொண்ணு கையாலயே என் பட்டறைய மூட வைக்க வேணாம்னு நெனச்சேன். உனக்காகன்னு பொய் சொல்ல மாட்டேன். எனக்காகவும்தான்."

கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள் கீர்த்தி. வரவில்லை. குறிப்பேட்டில் ஆறு முறை பொய்யாக எழுதிய தன் பெயர் கண்ணுக்கு முன்னால் நின்றது.

"நான் ஜோஹரா ஆண்ட்டிகிட்ட நல்ல தண்ணின்னு சொல்லிட்டேன்பா."

"எப்போ?"

"மூணு வாரம் ஆச்சு. கேனை நிறுத்திட்டாங்க. ஆஷிஃபா அதைத்தான் குடிக்கிறா."

குமாரசாமி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவளை நெருங்கி வந்தார்.

"எனக்குத் தெரியாதேம்மா" என்றார். "அவங்க கேன் தண்ணிதான் குடிக்கிறாங்கன்னு நெனச்சுக்கினு இருந்தேன்."

"சிட்டத்தை எடுங்க, கலர் ஏறிடப் போவுது!" என்று பதறினாள் அம்மா. குமாரசாமி எடுக்கவில்லை. அவளே ஓடிப்போய்க் கோலைத் தூக்கினாள். சொட்டச் சொட்ட அதைப் பிடித்தபடியே பேசினாள். "இப்ப என்ன, குடிக்காதீங்கன்னு சொல்லணும், அவ்வளவுதானே? நான் போய்ச் சொல்றேன். கிணத்துல எலி செத்துக் கிடக்குதுன்னு சொல்லிட்டாப் போச்சு. ஒரு வார்த்தை கேக்காம கேனுக்கு மாறிடுவாங்க."

கீர்த்தி ஒரு நிமிஷம் அதை நினைத்துப் பார்த்தாள். எவ்வளவு சுலபம். ஜோஹரா ஆண்ட்டி முகம் சுளித்துவிட்டு மறந்துவிடுவாள். மேடத்துக்கு மட்டும் ஏதாவது ஒரு பதில் சொன்னால் போதும்.

"எலின்னா டாக்டர் வயித்துப்போக்கு மாத்திரை எழுதிக் குடுப்பாரும்மா" என்றாள். "என்ன குடிச்சான்னு தெரிஞ்சாத்தானே எதைப் பார்க்கணும்னு அவருக்குத் தெரியும்?"

மங்கையர்க்கரசி மூங்கில் கோலைச் சுவரில் சாத்தினாள்.

"நான் சொல்றேன்" என்றார் குமாரசாமி. சட்டையை மாட்டிக்கொண்டார். "நீயும் வா."

சந்துக்கு நடந்து போக மூன்று நிமிஷம்கூட ஆகாது. அப்பா சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். கீர்த்தி பார்த்தும் சொல்லவில்லை.

ஆஷிஃபா கூடத்தில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். கால் லேசாக வீங்கியிருந்தது. கையில் எவர்சில்வர் டம்ளர். "வாடி, இப்பத்தான் உன்னை நெனச்சேன்" என்று சிரித்தபடி அதை உதட்டுக்குக் கொண்டுபோனாள்.

கீர்த்தி பாய்ந்து டம்ளரைப் பிடித்தாள். தண்ணீர் இருவர் மேலும் சிந்தியது.

"அதைக் குடிக்காத ஆஷி."

சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து ஜோஹரா வந்தாள். வாசலில் நிற்கும் குமாரசாமியைப் பார்த்து முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள். "வாங்கண்ணே. ஏன் நின்னுக்கினே இருக்கீங்க? ஆஷிஃபாவோட அத்தா கடையில இருக்கார்."

குமாரசாமி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். கிணற்றில் தன் சாயம் கலந்திருப்பதைச் சொன்னார். அதைப் பார்த்த பிறகு மறைத்ததைச் சொன்னார். ஓரிக்கைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து மகளிடம் கொடுத்ததைச் சொன்னார். நடுவில் இரண்டு முறை குரல் அடைத்தது. நிறுத்தி, மறுபடியும் சொன்னார்.

ஜோஹரா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு நீங்க தண்ணி எடுக்க வந்தப்போ நான் டீ போட்டுக் குடுத்தேன்" என்றாள் மெதுவாக. "குடிச்சிட்டுத்தானே போனீங்க? ஒரு வார்த்தை, தண்ணி சரியில்லம்மான்னு ஒரே ஒரு வார்த்தை..."

"தப்புதான் பாயம்மா."

"உங்க மேலகூட எனக்கு அவ்வளவு இல்லண்ணே. நீங்க நல்ல தண்ணின்னு சொல்லல." அவள் கீர்த்தியின் பக்கம் திரும்பினாள். "இவ சொன்னா. படிக்கிற பொண்ணு சொல்லுதேன்னு நம்பி, தினமும் நானே காய்ச்சி ஆத்திக் குடுத்தேன். என் கையாலயே குடுத்தேன்மா."

கீர்த்திக்கு அங்கே நிற்கவே முடியவில்லை. ஆனாலும் நின்றாள்.

ஆஷிஃபா வயிற்றின் மேல் கை வைத்திருந்தாள். "தண்ணில என்ன இருக்குது கீர்த்தி?" என்று கேட்டாள். "பேரைச் சொல்லு."

"தெரியாது ஆஷி."

"தெரியாதுன்னா?"

"உங்க தண்ணிய நாங்க இன்னும் பார்க்கவே இல்ல. பார்த்தது எல்லாம் ஓரிக்கைத் தண்ணி. ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம். ரொம்ப இருக்கவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது."

நான்கு மாதம் ஆய்வகத்தில் நின்று, கடைசியில் தன் தோழிக்கு அவளால் சொல்ல முடிந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

கீர்த்தி வாசலுக்கு வந்து மேடத்துக்கு போன் செய்தாள். மணி மூன்றுகூட ஆகவில்லை. காய்ச்சலில் தொடங்கி, குறிப்பேட்டில் எழுதிய பெயர், ஓரிக்கை பம்ப்செட், ஆஷிஃபா என்று ஒன்றும் விடாமல் சொல்லி முடித்தாள்.

"மேடம்?"

"எங்க இருக்க?"

"அந்த வீட்டு வாசல்ல."

"அங்கேயே இரு. அந்தப் பொண்ணைக் கேன் தண்ணி குடிக்கச் சொல்லு. சமையலுக்கும் அதேதான். நான் வரேன்."

ஒரு மணி நேரத்தில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார் சத்யப்ரியா. முன்னால் ஐஸ்பெட்டி, தோளில் பை. கீர்த்தியைப் பார்த்துத் திட்டவில்லை. நேராக உள்ளே போய் ஆஷிஃபாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தார்.

"நாளைக்குக் காலையிலயே உங்க டாக்டர்கிட்ட போங்க. மூணு வாரம் இந்தத் தண்ணி குடிச்சேன், பக்கத்துல சாயப்பட்டறை இருக்குன்னு சொல்லி இந்தச் சீட்டைக் காட்டுங்க. எந்த டெஸ்ட் வேணும்னு அவங்க முடிவு பண்ணட்டும். என் நம்பர் கீழ இருக்கு. டாக்டர் பேசணும்னா எப்ப வேணா கூப்பிடச் சொல்லுங்க."

"குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்றாள் ஜோஹரா.

சத்யப்ரியா ஜோஹராவை நிமிர்ந்து பார்த்தார். "ஆகாதுன்னு சொல்லணும்னு எனக்கும் ஆசையா இருக்கும்மா. தெரியாம ஒருத்தர் சொன்னது போதும்."

அந்த வார்த்தை எங்கே போய்த் தைக்க வேண்டுமோ அங்கே தைத்தது. கீர்த்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

பின்கட்டுக்குப் போகும்போதுதான் மேடம் அவளிடம் தனியாகப் பேசினார். "நீ எடுக்காததை எடுத்ததா எழுதின. நான் பார்க்காததைப் பார்த்ததா கையெழுத்துப் போட்டேன். ரெண்டையும் திங்கட்கிழமை துறைத் தலைவருக்கு எழுதிக் குடுக்கப் போறேன்."

"உங்களுக்கு ஏதாவது ஆகுமா மேடம்?"

"ஆகும்னுதான் நெனக்கறேன்."

"என் வைவா?"

"தெரியல. இந்த வருஷம் நடக்காம போகலாம். டிகிரியே நிக்கலாம். அதையும் சேர்த்து யோசிச்சுட்டுத்தான் எனக்கு போன் பண்ணியா?"

"இல்ல மேடம். யோசிக்கல."

சத்யப்ரியா அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு பையிலிருந்து கையுறையை எடுத்து நீட்டினார். "போட்டுக்கோ. இந்தத் தடவை நான் பக்கத்துல நிக்கறேன்."

கீர்த்தி வாளியை இறக்கினாள். கயிறு கையில் வழுக்கியது. குமாரசாமி உதவிக்கு ஓரடி முன்னால் வந்தார். மேடம் வேண்டாம் என்று கையைக் காட்டியதும் நின்றுவிட்டார். அதே தண்ணீரால் பாட்டிலை மூன்று முறை அலசி, நிரப்பி, மூடி, லேபிள் ஒட்டினாள் கீர்த்தி. சாய்ந்துகொண்டிருந்த வெயிலில் அதைத் தூக்கிப் பார்த்தாள். அவள் கண்ணுக்குத் தண்ணீர் தண்ணீராகத்தான் தெரிந்தது. அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படிவத்தையும் இங்கேயே எழுது" என்றார் மேடம்.

துவைக்கும் கல்லில் உட்கார்ந்து, முழங்காலில் அட்டையை வைத்து எழுதினாள். தேதி, நேரம், கிணற்றின் ஆழம். சேகரித்தவர், கீர்த்தி. உடனிருந்தவர், சத்யப்ரியா. அதற்கு அடுத்த வரியில் பேனா நின்றுவிட்டது. 'அருகிலுள்ள சாயப்பட்டறை: தூரம், பெயர்.'

மேடம் அவசரப்படுத்தவில்லை. ஜோஹரா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாப்பது அடி" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் என் குழி. நாப்பது அடி, எழுதும்மா."

கீர்த்தி எழுதினாள்.

"குமாரசாமி சாயப்பட்டறை. ஆறுமுகம் மகன் குமாரசாமி. முழுசா எழுது."

அதையும் எழுதினாள். 'சாமி' என்ற இடத்தில் எழுத்து கோணிவிட்டது. அடிக்காமல் அப்படியே விட்டாள்.

அடுத்த வரி, நூறு மீட்டருக்குள் உள்ள மற்ற பட்டறைகளின் பெயர்களைக் கேட்டது.

"சங்கத்துல ஒரு வார்த்தை கேக்காம என்னய்யா எழுதிக்கினு இருக்கீங்க?"

எல்லோரும் திரும்பினார்கள். பின்கட்டுக் கதவை யாரோ திறந்து வைத்திருந்தார்கள். மேடம் ஐஸ்பெட்டியோடு வந்து இறங்கிய செய்தி கேட்டு, சாயப்பட்டறைச் சங்கத் தலைவர் சிவராஜ் அங்கே வந்து நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் சந்தில் இன்னும் நாலைந்து பேர். எல்லோருமே குமாரசாமியோடு ஒரே தெருவில் தொழில் செய்கிறவர்கள்.

"பன்னெண்டு குடும்பம்ய்யா" என்றார் சிவராஜ். "உம் பேரை நீ எழுதிக்க. வேணாம்னு சொல்ல மாட்டேன். எங்க பேரை எழுத நீ யாரு?"

குமாரசாமி அவரை நிமிர்ந்து பார்த்தார். அன்று முதல் தடவையாக அவர் குரலில் தடுமாற்றம் இல்லை.

"நான் சொல்லல சிவராஜு. உள்ள ஒரு பொண்ணு ஏழு மாசம். அது முகத்தைப் பார்த்துட்டு வா. அப்புறம் உன் பேரை நீயே சொல்லு."

ஜோஹரா வீட்டுக் கதவிலிருந்து ஒதுங்கி வழிவிட்டாள்.

கீர்த்தி பேனாவை அந்தக் காலி வரியின் மேல் வைத்தபடி காத்திருந்தாள்.